கடைசியாக எப்போது குடித்தார்?

டாக்டருக்கு வணக்கம்.

என் தம்பிக்கு 27 வயது. மனச்சிதைவு என்று சொல்லி நான்கு வருடமாக மாத்திரை கொடுக்கிறோம். ஆறு மாதமாக அதை ஒழுங்காகப் போடுவதில்லை. குடிப்பழக்கம் உண்டு, கஞ்சாவும் உண்டு. போன மாதம் மூன்று ராத்திரி தூங்காமல், பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரில் விஷம் கலக்கிறார் என்று கத்திக்கொண்டே இருந்தான். தடுக்கப் போன அப்பாவைத் தள்ளிவிட்டதில் அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே கையையும் காலையும் கட்டிலோடு கட்டி ஊசி போட்டார்கள். மாட்டைக் கட்டுவதுபோல் கட்டியதை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று மணி நேரம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடிப்பாரா என்று கேட்டதற்கு அம்மா, "எப்போதாவதுதான்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் தினமும் குடிப்பான். அன்றைக்கு மத்தியானம்கூடக் குடித்திருந்தான்.

இரண்டு நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறி, டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்து நர்ஸை அடித்துவிட்டான். முதல் நாள் பார்த்த டாக்டர் "இது நோய்தான்" என்றார். மூன்றாம் நாள் டியூட்டி டாக்டர் "இது குடியால் வந்தது" என்றார். யார் சொன்னது சரி? இப்போது வீட்டில் அமைதியாகத்தான் இருக்கிறான். ஆனால் அவனோடு தனியாக இருக்க எனக்கும் அம்மாவுக்கும் பயம். மறுபடி அடிப்பானா? அடித்தால் என்ன செய்வது? மணிக்கட்டில் இருக்கும் தழும்பைக் காட்டி "இது என்னக்கா?" என்று கேட்கிறான். என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

— ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு டாக்டர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் பார்த்தது முதல் நாளை, மற்றவர் பார்த்தது மூன்றாம் நாளை. ஆள் ஒருவர்தான், ஆவேசம் இரண்டு. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் நாள்கணக்கு அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

முதல் நாளை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதமாக மாத்திரை சரியாக இல்லை, மூன்று ராத்திரி தூக்கம் இல்லை, தண்ணீரில் விஷம் என்ற சந்தேகம். அவர் அப்பாவைத் தள்ளியது கோபத்தில் அல்ல, பயத்தில். தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று முழுசாக நம்புகிற ஒருவரை வழிமறித்தால், வழிமறிப்பவரும் எதிரியின் ஆளாகத்தான் தெரிவார். அதற்கு மேல் கஞ்சா அந்தச் சந்தேகத்தைக் கூர்மையாக்கியிருக்கும். மத்தியானம் குடித்தது, கை ஓங்கும் முன் ஒரு நொடி யோசிக்க வைக்கும் அந்தத் தயக்கத்தைக் கரைத்திருக்கும். ஆக, அன்றைக்கு நோய் நெருப்பு என்றால் குடியும் கஞ்சாவும் எண்ணெய். இன்னொன்றும் கேட்டுவையுங்கள். மூன்று ராத்திரி தூங்காமல் ஒருவர் வந்தால் மெத்தம்ஃபெட்டமின் மாதிரியான ஊக்கிப் போதைகளையும் நாங்கள் சந்தேகப்படுவோம். தூக்கத்தையும் பசியையும் விரட்டி, யாரோ துரத்துகிறார்கள் என்ற எண்ணத்தைக் கொண்டுவருவதில் அவை மகா கெட்டிக்காரப் பொருள்கள்.

மூன்றாம் நாள் நடந்தது வேறு கதை. தினமும் குடிக்கிற உடம்பு, குடி திடீரென்று நின்றுபோனால் சும்மா இருக்காது. மது மூளையை அமுக்கி வைக்கும் பொருள். அந்த அமுக்கத்தைச் சமாளிக்க மூளை எப்போதும் முடுக்கிவிட்ட நிலையிலேயே ஓடப் பழகிவிடுகிறது. மது நின்றதும் பிரேக் இல்லாத வண்டி கதைதான். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பிறகு கை நடுக்கம், வேர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் வரும். காய்ச்சல், நாடித்துடிப்பு எகிறுவது, இருக்கும் இடமும் நேரமும் புரியாமல் போவது, சுவரில் பூச்சி. மத்தியானத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், மூன்றாம் நாள் ராத்திரி சரியாக அந்த இடைவெளியில் வந்து விழுகிறது. இல்லாத பூச்சியைக் கண்ணால் பார்ப்பதும், நிமிடத்துக்கு நிமிடம் தெளிவும் குழப்பமும் மாறிமாறி வருவதும் மனச்சிதைவின் வழக்கமான முகம் அல்ல. மனச்சிதைவில் அதிகம் கேட்பது குரல்கள்தான், இடமும் நாளும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். தம்பி நர்ஸை அடிக்கவில்லை. தன் மேல் ஊர்ந்த ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டிருக்கிறார், நடுவில் நர்ஸ் இருந்திருக்கிறார்.

இந்த இடத்தில் உங்கள் அம்மா சொன்ன பதிலைப் பற்றிப் பேசியாக வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நான் எமர்ஜென்சியில் டியூட்டி பார்த்த காலத்தில் இந்த "எப்போதாவதுதான்" என்ற பதிலைக் கேட்காத வாரமே இல்லை. பிள்ளையைக் குடிகாரன் என்று நாலு பேர் நடுவில் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? ஆனால் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்பது ஒழுக்கச் சான்றிதழ் எழுத அல்ல. எந்த ஊசி, எவ்வளவு, அடுத்த நான்கு நாளில் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்ற மூன்று முடிவும் அந்த ஒரு பதிலில் தொங்குகிறது.

எப்படி என்கிறீர்களா? ஒருவர் இப்போது போதையில் இருக்கிறார் என்றால் லோராசிபாம் மாதிரியான அமைதிப்படுத்தும் ஊசியைக் கவனமாகக் கொடுக்க வேண்டும். மதுவும் அதுவும் சேர்ந்து மூச்சை மந்தமாக்கிவிடும். அதே ஆள் மூன்றாம் நாள் குடி நின்ற நடுக்கத்தில் இருந்தால் அவரைக் காப்பாற்றுவதே அந்த லோராசிபாமும் டயசிபாமும்தான். அப்போது ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை மட்டும் கொடுத்து அடக்கப் பார்த்தால் நடுக்கத்தின் வேர் அப்படியே இருக்கும், வலிப்பு வரும் வாய்ப்பும் கூடலாம். அப்புறம் தயமின் என்ற பி1 வைட்டமின். நெடுநாள் குடிப்பவர்களுக்கு இது உடம்பில் குறைந்திருக்கும். குறைவு முற்றினால் குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம் வந்து, நினைவாற்றலே நிரந்தரமாகப் பழுதாகலாம். கார்ல் வெர்னிக்கே 1881லேயே இதை விவரித்துவிட்டார். ஊசியாகக் கொடுத்தால் தடுக்கக்கூடியது, ஆனால் குடி இருக்கிறது என்று தெரிந்தால்தானே கொடுக்கத் தோன்றும்? "தினமும் குடிப்பான், கடைசியாக மத்தியானம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால், மூன்றாம் நாள் ராத்திரி அநேகமாக வந்தே இருக்காது.

சிறுநீர்ப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிடுமே என்று கேட்பார்கள். தெரியாது. தொடர்ந்து புகைப்பவருக்குக் கஞ்சா வாரக்கணக்கில் சிறுநீரில் தங்கும், அதனால் பாசிட்டிவ் என்று வந்தாலும் அவர் இன்றைக்குப் போதையில் இருந்தாரா என்று சொல்லாது. புதிது புதிதாக வரும் செயற்கைப் போதைகள் பலவும் அந்தப் பரிசோதனைப் பட்டையில் தட்டுப்படவே தட்டுப்படாது. வீட்டு ஆள் சொல்லும் ஒரு வாக்கியம் அந்தப் பட்டையைவிட மேல்.

ஒரு விஷயம் எங்கள் பக்கத்துக் குறையாகவும் சொல்லிவிடுகிறேன். சாராய வாடை வந்தால் டாக்டர்களுக்கும் கண் மறைக்கும். பல வருடம் முன்பு ஒருவரை நான்கு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாயில் வாடை, திட்டு, எட்டி உதைத்தார். "போதை தெளியட்டும்" என்று ஓரமாகக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். நானும் சரி என்றேன். அரை மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ், யாரும் கேட்காமலே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களில் மனிதர் எழுந்து உட்கார்ந்து, தன் ஒற்றைச் செருப்பு எங்கே என்று மரியாதையாகக் கேட்டார். அன்றிலிருந்து ஆவேசமாக யார் வந்தாலும் சர்க்கரை, ஆக்சிஜன், காய்ச்சல், தலையில் அடி இந்த நான்கையும் பார்க்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. குடிப்பவர்கள் விழுவார்கள். தலைக்குள் கசியும் ரத்தம் வெளியே போதை மாதிரியே தெரியும். தம்பி எங்காவது விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கட்டிப்போட்டது பற்றி. உங்கள் கோபம் நியாயம். ஆனால் கட்டியதே தவறு என்று சொல்ல மாட்டேன். பேசிப் பார்த்து, மாத்திரை கொடுத்துப் பார்த்து, எதுவும் நடக்காமல் அடுத்தவருக்கோ அவருக்கோ ஆபத்து என்ற நிலையில் அது கடைசி வழி. அப்போதும் அதற்கு முறை உண்டு. மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, அகலமான மெத்தென்ற பட்டையால் கட்ட வேண்டும். குப்புறப் போட்டு முதுகில் அமுக்குவது உயிரையே எடுத்திருக்கிறது. கட்டியபின் ஒருவர் பக்கத்திலேயே இருந்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது மூச்சு, நாடி, விரல் நுனியின் நிறம் பார்க்க வேண்டும். ஊசி வேலை செய்து அவர் அடங்கியதும் கட்டைத் தளர்த்த ஆரம்பித்துவிட வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த மூன்று மணி நேரம், மணிக்கட்டில் தழும்பு, இவை தவறு. ஊசி போட்ட பிறகு பார்க்காமல் விடுவது கட்டியதைவிடப் பெரிய தவறு. அந்த மருத்துவமனையிடம் எழுத்தில் கேளுங்கள். சண்டைக்காக அல்ல, அடுத்த முறை அந்தக் கட்டிலில் இருப்பவருக்காக.

ஊசியைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஆவேசத்தில் வருபவர்களுக்கு எது நல்லது என்பதை முறைப்படி சோதித்திருக்கிறார்கள். ஹாலோபெரிடாலோடு புரோமெத்தசின் என்ற தூக்கம் வரவைக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதை, பிரேசிலின் ரியோவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வும், வேலூரில் நடந்து 2004இல் வெளியான ஆய்வும் பார்த்தன. வேலூரில் 200 பேர். ஒரு பாதிக்கு அந்தக் கலவை, மறு பாதிக்கு லோராசிபாம். இரண்டுமே வேலை செய்தன, கலவை கொஞ்சம் வேகமாகத் தூங்க வைத்தது. ஆக, "ஏதோ மயக்க ஊசி போட்டு மூளையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சின்னதாக ஒன்று. தம்பி சிகரெட் பிடிப்பாரா? வார்டில் புகைக்க முடியாத முதல் சில மணி நேரத்திலேயே நிகோட்டின் இல்லாத எரிச்சல் ஏறும். ஒரு நிகோட்டின் பட்டை ஒட்டினால் ஆவேசம் கணிசமாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். நிறைய வார்டுகளில் இதை யாரும் யோசிப்பதே இல்லை. நீங்களே கேளுங்கள்.

சரி, முக்கியமான கேள்வி. மறுபடி அடிப்பாரா?

அமெரிக்காவில் மூன்று நகரங்களில், மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து, மக்ஆர்தர் ஆய்வு என்ற பெயரில் 1998இல் முடிவை வெளியிட்டார்கள். தீவிர மனநோய் மட்டும் இருந்தவர்களில் அந்த ஒரு வருடத்தில் வன்முறையில் ஈடுபட்டவர்கள் சுமார் 18 சதவீதம். அதே நோயோடு குடியோ போதையோ சேர்ந்திருந்தவர்களில் சுமார் 31 சதவீதம். அவற்றில் ஒரு நகரில், போதைப்பழக்கம் இல்லாத நோயாளிகளை, அதே தெருக்களில் வசித்த, போதைப்பழக்கம் இல்லாத சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசமே தெரியவில்லை. இன்னொன்று, அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் வீட்டு ஆட்களும் தெரிந்தவர்களும்தான். ஆகவே உங்கள் பயத்தை "அப்படியெல்லாம் இல்லை" என்று நான் தட்டிக்கழிக்க மாட்டேன். குடியும் இருந்து மாத்திரையும் நின்றால் ஆபத்து உண்டு. இரண்டில் ஒன்றைச் சரிசெய்தாலே அது வெகுவாக இறங்கும். அதாவது, அஞ்ச வேண்டியது தம்பியின் முகத்தைப் பார்த்து அல்ல, மாத்திரை அட்டையையும் அவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்பதையும் பார்த்து.

நார்வேயில் உருவான ஒரு பட்டியல் வார்டுகளில் பயன்படுகிறது, புரோசெட் என்று பெயர். அடுத்த 24 மணி நேரத்தில் அடி விழுமா என்று கணிக்க ஆறே விஷயங்களைப் பார்க்கிறார்கள்: குழப்பம், எரிச்சல், சத்தமும் ஆர்ப்பாட்டமும், வாயால் மிரட்டுவது, உடம்பால் மிரட்டுவது, பொருளை உடைப்பது. இதற்குப் படிப்பு தேவையில்லை. வழக்கமாக அவர் எப்படி இருப்பார் என்று தெரிந்த அக்காவின் கண் போதும். இரண்டு மூன்று சேர்ந்து புதிதாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? ஒருவர் மட்டும் பேசுங்கள். அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் என்று கூட்டம் கூடினால் எதிரிப்படை வந்துவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள், உங்களுக்கும் ஒரு வழி இருக்கட்டும். சமையலறையில் வைத்துப் பேச வேண்டாம், அங்கே கத்தி இருக்கிறது. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். "தண்ணீரில் விஷம் இல்லை, நான் குடித்துக் காட்டவா?" என்று வாதாடினால் தோற்பீர்கள். "ஆமாம், கலக்கிறார்கள்" என்று ஒத்துக்கொண்டால் பிறகு மாட்டிக்கொள்வீர்கள். "நீ ரொம்பப் பயந்திருக்கிறாய்னு தெரியுது. தூங்கி மூணு நாள் ஆச்சு. டாக்டர்கிட்ட போவோமா?" இது இரண்டும் இல்லாத மூன்றாவது வழி, அநேகமாக உண்மையும் அதுதான். குடித்திருக்கும்போது குடியைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். அந்தப் பஞ்சாயத்து மறுநாள் காலைக்கு. கை ஓங்கினால் தடுக்க நினைக்காமல் வெளியே வந்துவிடுங்கள். ஆம்புலன்ஸையோ போலீஸையோ கூப்பிடும்போது மூன்றைச் சொல்லுங்கள்: மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், இன்று என்ன குடித்தார் எப்போது, கையில் ஆயுதம் உண்டா இல்லையா. வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பது இந்த மூன்றைப் பொறுத்தது.

வீடுகளில் நல்லது என்று நினைத்துச் செய்யும் மூன்று காரியங்கள் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பவை. ஒன்று, தினமும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்துவது. மூன்றாம் நாள் ராத்திரி வார்டில் வந்ததைப் பூட்டிய அறையில் நினைத்துப் பாருங்கள். தம்பி மறுபடி தினக்குடிக்குத் திரும்பினால், நிறுத்துவது டாக்டர் கண்முன் நடக்கட்டும். இரண்டு, குடியை விடவைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலப்பது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனச்சிதைவின் அறிகுறிகளையும் அது கிளப்பிவிடக்கூடும். போதாததற்கு, "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்ற அவருடைய சந்தேகத்தை நீங்களே உண்மையாக்கிவிடுவீர்கள். மூன்று, "இன்றைக்குக் குடித்திருக்கிறான், அதனால் மாத்திரை வேண்டாம்" என்று மனநோய் மாத்திரையை நிறுத்துவது. வாரத்தில் ஐந்து நாள் குடித்தால் ஐந்து நாள் மருந்து இல்லை என்றாகிவிடும். தூக்க மாத்திரை வகையைக் குடியோடு கொடுக்கக் கூடாது, அது உண்மை. மற்றவற்றில் எதை, எப்படித் தொடர்வது என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் மாத்திரை என்ற போராட்டத்துக்குப் பதிலாக, சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் நீண்டநாள் ஊசி இருக்கிறது. கேளுங்கள். குடிக்கு ஒரு டாக்டர், மனநோய்க்கு ஒரு டாக்டர் என்று அலைய வேண்டாம். "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று ஒருவரும் "முதலில் மனநோய் சரியாகட்டும்" என்று இன்னொருவரும் சொல்லி, நடுவில் ஆள் காணாமல் போன கதை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கும் குழு கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். அவர் இப்போது கஞ்சாவையும் நிறுத்தியிருந்தால் இரண்டு வாரம்வரை தூக்கம் கெட்டு, எரிந்து விழுவார். அதை நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், டாக்டரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.

கடைசியாக, அந்தத் தழும்பு. மறைக்காதீர்கள். அந்த ராத்திரிகள் அவர் நினைவில் துண்டு துண்டாகத்தான் இருக்கும், மீதியை அவரே கற்பனையில் நிரப்பிக்கொள்வார். அந்தக் கற்பனை எப்போதும் உண்மையைவிட மோசம். அவர் நிதானமாக இருக்கும் ஒரு பகலில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "நீ ரொம்பப் பயந்துபோய் இருந்தே. அப்பாவைத் தள்ளிட்டே, அவருக்குத் தோள்ல அடி. ஆஸ்பத்திரியில உன்னைக் கட்டித்தான் ஊசி போட்டாங்க. எனக்கும் அது பிடிக்கலை. மூணாம் நாள் குடி நின்னதால உடம்பு நடுங்கி, பூச்சி தெரிஞ்சுது, ஒரு நர்ஸ் மேல கை பட்டுது." இவ்வளவுதான். அழுதால் அழட்டும். அப்பாவிடம் பேச வேண்டும் என்று அவரே கேட்டால் கூட்டிப்போங்கள், நீங்களாகத் தள்ள வேண்டாம். அடுத்த முறை கட்டாமல் இருக்க என்ன செய்தால் தனக்கு அடங்கும் என்று அவரிடமே கேளுங்கள். விளக்கை அணைப்பதா, அக்கா மட்டும் பக்கத்தில் இருப்பதா, ஊசிக்குப் பதில் மாத்திரையா என்று. சொல்வதை அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்கி, மருந்துச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். அந்தத் தாளின் மேல் வரியில் "கடைசியாகக் குடித்தது" என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவையுங்கள். எமர்ஜென்சியில் கேட்கும்போது அம்மா வாயால் சொல்லச் சங்கடப்பட்டால் தாளை நீட்டிவிடலாம்.